பெரிய பாலத்தை மூடிய ஐம்பது நிமிடம்

நான் உருவாக்கி வளர்த்த திட்டம் என்னை இருபத்திரண்டு பேருக்கு முன்னால் நிற்கவைத்து ஏமாற்றியது. இந்த அவமானத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் கேட்டால் அதற்குக் கை, கால், மூக்கு எல்லாம் முளைத்து வரும்.

மாநகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி, கூட்ட அறை. ஏ.சி. ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் ஆணையர் அந்தப் பக்கமும் நாங்கள் வியர்க்கிற பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நான் போக்குவரத்துப் பொறியாளர். சுவரில் பெரிய திரை. திரையில் கீழ்க்கரை, ஆளுக்கொரு புள்ளியாக.

கீழ்க்கரை என்பது ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே பள்ளத்தில் கிடக்கும் பகுதி. நாற்பத்திரண்டாயிரம் பேர், ஒன்பது பள்ளிக்கூடங்கள். வெளியே வர மூன்றே வழிகள்: பெரிய பாலம், பழைய பாலம், ரயில் பாதையை ஒட்டிய சாலை. ஆற்றின் மேல்பக்கத்தில் அணை. அணைக்கு வயதாகிவிட்டது. ஓர் அளவுக்கு மேல் நீர் ஏறினால் எல்லா மதகுகளையும் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் கால் மணி நேரத்தில் கீழ்க்கரை முழுகும். நான்கு மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிடுவோம் என்பது அணைக்காரர்கள் கொடுத்த வாக்கு. ஆனால் கோப்பில் இருந்த பழைய திட்டப்படி கீழ்க்கரையைக் காலி செய்ய ஐந்து மணி ஐம்பது நிமிடம் ஆகும். இடையில் உள்ள அந்த ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்று கோப்பில் யாரும் எழுதவில்லை. எழுதாததால் யாருக்கும் தூக்கமும் கெடவில்லை.

"புது திட்டப்படி ஐம்பத்தெட்டு நிமிஷம்" என்றேன்.

கைதட்டினார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் அடக்கம் எதுவும் இல்லை.

மேசையின் கடைசியில் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர். கூட்டத்துக்கு வந்தாலும் கழுத்தில் தொங்கும் விசிலைக் கழற்ற மாட்டார். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே விசில். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மூலையைத் தொட்டார்.

"மேடம், இந்தப் புள்ளிங்க எல்லாம் ஏன் நகரவே இல்ல?"

பார்த்தேன். பதினோராயிரத்து முந்நூறு பேர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். சாலைக்கு வந்த வண்டிகளில் கடைசி வண்டி எப்போது வெளியேறுகிறது என்று அளக்கத்தான் நான் கணினிக்குச் சொல்லியிருந்தேன். சாலைக்கே வராதவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது. பதினோராயிரம் பேரைக் கிளம்பவே விடாமல் வைத்தால் நெரிசல் கிடையாது. மீதிப் பேர் ஜம்மென்று போய்விடலாம்.

"நீச்சல் தெரிஞ்சவங்க போல" என்றார் விசில்.

அறை சிரித்தது. எனக்குக் காது வரை சூடு ஏறியது. மூக்கு உடைபட்டதில்கூட வலி இல்லை, உடைத்தவர் சொன்னது சரியாக இருந்ததுதான் வலித்தது.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணினிக்குள் ஒரு பொய் ஊர் வைத்திருக்கிறோம். கீழ்க்கரையின் தெரு, சந்து, வண்டி எல்லாம் அதில் உண்டு. முதலில் முந்நூறு திட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு உருவாக்குவோம். எந்தத் தெரு எப்போது கிளம்புவது, எந்தச் சாலை எந்தத் திசை, எந்த பஸ் எங்கே என்று ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு மாதிரி. பெரும்பாலும் கிறுக்குத்தனமாக இருக்கும். எல்லாவற்றையும் பொய் ஊரில் ஓடவிட்டு மதிப்பெண் போடுவோம். தேறாததைத் தூக்கிப் போடுவோம். தேறியதில் இரண்டைச் சேர்த்து, இதில் பாதி அதில் பாதி என்று குட்டி போடவைப்போம். குட்டிகளில் அங்கங்கே எதையாவது மாற்றிவிடுவோம். மறுபடி ஓட்டம், மறுபடி மதிப்பெண். இப்படி ஆயிரக்கணக்கான தலைமுறைகள். உயிர்கள் வளர்ந்த கதைதான். அதனால் அதற்குப் பரிணாம வழிமுறை என்று பெயர்.

வீட்டுக்கு வந்து கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன். அக்கா சாப்பாட்டு மேசையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கீழ்க்கரையில், ஆற்றை ஒட்டியிருக்கும் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. அதற்கு முன்னால் பதினைந்து வருடம் உயிரியல் ஆசிரியை. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே விஷயத்துக்குத் தினமும் சண்டை போடுகிறோம், விஷயம் மட்டும் மாறும்.

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அதுல தப்பே இல்லயே" என்றாள். "நீ எதுக்கு மார்க் போடுறியோ அதத்தான் அது வளர்க்கும். என் பசங்களும் அப்படித்தான். சரி, ஒன்னு கேக்கறேன். உன் பொம்ம ஜனங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா?"

"என்ன புள்ளைங்க?"

"பெத்த புள்ளைங்கடி. காலைல பத்து மணிக்கு அணை திறக்கப் போறாங்கன்னு சொன்னா, ஒரு அம்மா வண்டிய எடுத்துட்டு நேரா பாலத்துக்கா போவா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என் ஸ்கூல் வாசலுக்கு வருவா" என்றாள் அக்கா. "எல்லாரும் வருவாங்க. ஒன்பது ஸ்கூல் வாசல்லயும் நிப்பாங்க. ரோட்ட அடைச்சுக்கிட்டு."

எங்கள் குழுவில் மூன்று பேர். மூன்று பேருக்கும் குழந்தை கிடையாது. இரண்டு வருடம் உட்கார்ந்து நாற்பத்திரண்டாயிரம் மனிதர்களைக் கணினிக்குள் படைத்தோம். அதில் ஒருவருக்குக்கூட ஒரு குழந்தை வைக்கத் தோன்றவில்லை. எங்கள் பொய் ஊரில் எல்லாரும் கதவைப் பூட்டிவிட்டு நேராக வெளியேறினார்கள். எங்களைத் தவிர வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

மறுநாள், வீட்டிலேயே இருந்துவிட்டவர்களையும் கணக்கில் சேர்த்தேன். மூன்று மணி பத்து நிமிடம் வந்தது. பிறகு நாலாயிரத்து எழுநூறு குழந்தைகளை ஒன்பது பள்ளிகளில் வைத்தேன். ஒவ்வொரு குழந்தையையும் ஒரு வீட்டோடு முடிச்சுப் போட்டேன். குழந்தை பள்ளியில் இருந்தால் பெற்றவர் முதலில் பள்ளிக்குப் போவார் என்று எழுதினேன். ஓடவிட்டேன். ஐந்து மணி இருபத்தைந்து நிமிடம்.

ஆறு வாரம் விடாமல் ஓட்டினோம். நான்கரை மணி நேரத்துக்கு இறங்கியது. நான்கே காலுக்கு இறங்கியது. அங்கேயே ஒன்பது நாள் முரண்டு பிடித்தது. பத்தாம் நாள் காலை அலுவலகத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தால், மூன்று மணி நாற்பத்து நான்கு நிமிடம்.

முதல் வேலையாக, எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். யாரும் இல்லை. ஒருவர்கூட இல்லை. எழுந்து அறையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, திட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். படித்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஐம்பது நிமிடம் பெரிய பாலத்தை மூடச் சொன்னது. காருக்கும் பைக்குக்கும் அனுமதி இல்லை. நடந்து போகிறவர்கள் போகலாம், பஸ் போகலாம். ஊரிலேயே அகலமான பாலம் அது. ஊரே தப்பி ஓட வேண்டிய நேரத்தில் அதை மூடச் சொன்னது. கையில் இருந்த நாற்பது பஸ்ஸும் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். முதல் நடையில் ஐந்து பள்ளிகள், திரும்பி வந்து இரண்டாவது நடையில் நான்கு. குழந்தைகளைப் பாலத்துக்கு அப்பால் மேட்டில் இருக்கும் விளையாட்டு மைதானத்தில் இறக்க வேண்டும். பள்ளிகளை முதலில் காலி செய் என்று நான் அதற்குச் சொல்லவே இல்லை. குழந்தை வெளியே போய்விட்டால் பெற்றவர்கள் பள்ளிக்கு வர வேண்டியதில்லை, சாலை அடையாது. செத்துச் செத்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான குட்டிகள் அதைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தன.

எனக்குப் புல்லரித்தது. அப்புறம்தான் பள்ளிகளின் வரிசையைப் பார்த்தேன். கடைசி நடையில், கடைசிப் பெயர், அக்காவின் பள்ளி.

அன்றைக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பள்ளியைக் கையால் எடுத்து முதல் நடையில் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. ஓடவிட்டேன். நான்கு மணி ஒன்பது நிமிடம். வேறு இடத்தில் போட்டேன். நான்கு மணி ஏழு. மாலை வரை முட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். மறைக்கத் தெரிந்திருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என் ஸ்கூல முன்னாடி தள்ளினா எது பின்னாடி போகும்?"

"மார்க்கெட் தெரு பள்ளிக்கூடம்."

"அங்க எல்லாம் ஒன்னாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ். அதுங்கள காக்க வைக்கப் பாத்தியா?" கோபம் வந்தால் அக்காவின் குரல் இறங்கும். "பழையபடி மாத்து."

"அறுநூத்தி பன்னெண்டு பசங்கக்கா. நீயும் அங்கதான் இருப்ப. கணக்கு தப்பா போச்சுன்னா?"

"தப்பா போகாம பாத்துக்க. அதுக்குத்தான உனக்குச் சம்பளம்."

அவள் மறுபடி தாளைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். நான் பழையபடி மாற்றினேன். அன்றிலிருந்து அது எனக்கு ஊர்த் திட்டம் இல்லை. அந்த இரண்டாவது நடை பஸ் பாலத்தைத் தாண்டுமா தாண்டாதா என்பது மட்டும்தான்.

அடுத்த கூட்டத்தில் விசில் எழுந்தார். "பெரிய பாலத்த மூடணுமா? ஏன் மேடம்?"

"காரணம் அது சொல்லாது சார். மத்த திட்டமெல்லாம் செத்துப்போச்சு. இது பொழச்சிருக்கு."

"இத நான் பாலத்து முனையில நின்னு கார்க்காரங்ககிட்ட சொல்லணும். அவங்க என்ன உசுரோட விடுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நாளைக்கு மத்தியானம் என் ரூமுக்கு வாங்க. பொய் ஊர உங்க கையில தர்றேன். நீங்களே பாலத்தத் திறந்து பாருங்க."

வர மாட்டார் என்று நினைத்தேன். மூன்று மத்தியானம் வந்தார். பத்தாவது நிமிடத்தில் பாலத்தைத் திறந்து பார்த்தார், இருபதாவதில் திறந்தார், பாதி மட்டும் திறந்தார். ஒவ்வொரு தடவையும் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் நாலுமுனைச் சந்திப்பு அடைத்துக்கொண்டது. காலி பஸ்கள் உள்ளே திரும்பி வர முடியாமல் நின்றன. நான்கு பள்ளிகள் அப்படியே இருந்தன. மூன்றாம் நாள் அவர் திரையில் நின்றுபோன ஒரு பஸ்ஸை விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு திட்டத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஆணையர் கையெழுத்துப் போட்டார்.

மீதி வேலை அக்காவுடையது. ஒன்பது பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டினாள். பள்ளிக்கு வர மாட்டோம், நேராக மைதானத்துக்குப் போவோம் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டாள். ஒரு அம்மா எழுந்து கத்தினாள், "நாங்க வராம எப்படி டீச்சர் இருக்க முடியும்?"

"வந்தா நீங்க ரோட்ட அடைப்பீங்க" என்றாள் அக்கா. "அதனால ஒரு பஸ் நிக்கும். அந்த பஸ்ஸுக்குள்ள இருக்கறது உங்க புள்ளதான்."

அந்த அம்மாதான் முதலில் கையெழுத்துப் போட்டாள்.

அழைப்பு வந்த நாளில் எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. மலையில் மூன்று நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே வெயில் சுள்ளென்று அடித்தது. சரியாகப் பத்து மணிக்கு அணையின் பொறியாளர் பேசினார். "ரெண்டு மணிக்குத் திறக்கணும் மேடம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தாங்காது."

சங்கு ஊதியது. எல்லார் போனிலும் அவரவர் தெருவின் நேரமும் வழியும் போய்ச் சேர்ந்தன. கட்டுப்பாட்டு அறையில் பதினாறு திரைகள். நான் ஒரே திரையைத்தான் பார்த்தேன், பெரிய பாலம். அதன் முனையில் விசில் தடுப்பை இழுத்துப் போட்டு நடுவில் நின்றார். முதல் நடை பஸ்கள் வரிசையாகத் தாண்டின. ஓரத்தில் ஜனங்கள் மூட்டையும் பையுமாக நடந்தார்கள். தடுப்புக்கு முன்னால் கார்கள் சேர ஆரம்பித்தன. முப்பது, எண்பது, இருநூறு. ஹாரன் சத்தம் கேமராவில் கேட்காது, ஆனால் விசில் ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

இருபத்து நான்காவது நிமிடம். ஆணையரின் இரண்டு போன்களும் மாறி மாறி அடித்தன. யார் யாரோ பெரிய மனிதர்கள், அவர்களுடைய காரும் அந்த வரிசையில் நின்றது போலிருக்கிறது. ஆணையர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"திறந்துடலாம்மா. வெத்துப் பாலத்த வெச்சுக்கிட்டு ஜனங்கள நிறுத்தினா நாளைக்கு என் தலைதான் உருளும்."

"சார், காலி பஸ் இப்பத்தான் உள்ள திரும்பிட்டிருக்கு. இப்ப திறந்தா நாலுமுனை அடைச்சிரும். உள்ள ரெண்டாயிரத்து முந்நூறு பசங்க வாசல்ல நிக்கறாங்க." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "திறக்கணும்னா என்ன வெளிய அனுப்பிட்டுத் திற‌ங்க. நான் பாத்துட்டு நிக்க மாட்டேன்."

அவர் வயர்லெஸ்ஸை எடுத்தார். "பாலத்தத் திறந்து விடுங்க."

திரையில் விசில் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்தார். "சார்... கேக்கல சார்... ஒரே சத்தம்..."

"பாலத்தத் திறங்கன்னேன்!"

"ஹலோ... சார்... ஒன்னுமே கேக்கல..."

எங்கள் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது. அவர் நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். வயர்லெஸ்ஸை இடுப்பில் செருகினார். விசிலை வாயில் வைத்து ஊதி, திரும்பி வந்த முதல் காலி பஸ்ஸைக் கையாட்டி உள்ளே விட்டார்.

ஆணையர் என்னைப் பார்த்தார். "அவருக்குக் கேக்கலயாம்."

"ஆமா சார். லைன் சரியில்ல."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு போன்களையும் கவிழ்த்து வைத்தார்.

நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் இரண்டாவது நடையின் முதல் பஸ் பாலத்தில் ஏறியது. நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பதாவது பஸ் தாண்டியபோது எழுந்து நின்றேன். அதற்கு அப்புறம் வர வேண்டிய பத்தும் அக்காவின் பஸ்கள். முப்பத்தொன்று வந்தது. ஜன்னல் முழுக்கத் தலைகள். யாரோ ஒரு வால் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்தியது. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நாற்பதாவது பஸ்ஸின் பின்பக்கம் பாலத்தை விட்டு இறங்கியபோது கடிகாரம் நாற்பத்தொன்பது நிமிடம் காட்டியது. விசில் தடுப்பைத் தன் கையாலேயே தள்ளினார்.

அடுத்து நடந்ததை நான் பொய் ஊரில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நிஜத்தில் பார்த்தது அன்றுதான். நாலுமுனையில் ஒரு பஸ்கூட இல்லை, பள்ளிக்கூட வாசல்கள் காலி. கார்கள் பாலத்தில் ஏறின, இறங்கின, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. பன்னிரண்டரைக்கு முப்பத்தோராயிரம் பேர் வெளியே. மூலையில் உட்கார்ந்திருந்த எங்கள் குழுப் பையன் ஒருவன், கல்யாணமாகி நாற்பது வயதான பையன், விசும்பி விசும்பி அழுதான். யாரும் கிண்டல் செய்யவில்லை.

தெருவுக்கு ஒருவர் என்று கதவு தட்டிப் பார்த்து, காலி என்று சொல்ல ஆள் வைத்திருந்தோம். ஒன்றேகாலுக்கு எல்லாத் தெருவும் சொல்லிவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் திரையில் சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறவில்லை. அது பள்ளிக்கூடம். அக்காவின் பள்ளிக்கூடம்.

போன் போட்டேன். எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"கேட்டுல."

"நீ பஸ்ஸுல போகலயா? உனக்குப் புத்தி இருக்கா? மணி என்ன தெரியுமா?" அறையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கவலை இல்லை.

"கத்தாத. கையெழுத்துப் போட்டவங்கள்ல நூத்தி எழுபது பேர் வந்துட்டாங்கடி. பெத்த மனசு, என்ன பண்ணும்? 'உன் புள்ள பத்தே முக்காலுக்குக் கிளம்பிடுச்சு, பஸ் நம்பர் இது'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித் திருப்பி விட்டேன். நானும் கிளம்பியிருந்தா பூட்டுன கேட்ட உடைச்சுட்டு உள்ள தேடிட்டிருப்பாங்க. அப்படி ஒரு ஆள் உன் திட்டத்துல இல்லயே."

இல்லைதான். இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்று பெற்றோரிடம் ஒரு வாக்கியம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று எந்தத் தலைமுறைக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"கடைசி ஆள் இப்பத்தான் போனார். நடந்து வர்றேன்" என்றாள்.

அங்கிருந்து பாலத்துக்கு மூன்று கிலோமீட்டர். நான் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினேன். "விசில் சார்!" நேரில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டது கிடையாது. "எங்கக்கா ஸ்கூல் கேட்டுல நிக்கறாங்க."

இந்தத் தடவை அவருக்கு நன்றாகக் கேட்டது. "இதோ போறேன்" என்று பைக்கைக் கிளப்பி, காலியான கீழ்க்கரைக்குள் போனார்.

எட்டு நிமிடம் ஒரு திரையிலும் ஒன்றும் இல்லை. ஆணையர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு பாலத்தின் அந்தக் கோடியில் பைக் தெரிந்தது. பின்னால் அக்கா, ஒரு கையால் விசிலின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் வருகைப் பதிவேடுகளை மொத்தமாக அணைத்துக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள். மெதுவாக ஓட்டச் சொல்லியிருப்பாள். பாலத்தை விட்டு இறங்கியபோது மணி ஒன்று முப்பத்தெட்டு. மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம். திட்டத்தைவிட ஆறு நிமிடம் முன்னால்.

கடைசி விளக்கு பச்சையானது. அறை வெடித்தது. ஆணையர் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தார். யாரென்று பார்த்தால் தேநீர் கொண்டுவந்தவர். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அணையிலிருந்து குரல் வந்தது. "மேடம், திறக்கலாமா?"

ஆணையர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"திறங்க" என்றேன்.

அக்கா கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் கீழ்க்கரைக்குள் நுழைந்துவிட்டிருந்தது. முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. பதிவேடுகளை என் மேசைமேல் தொப்பென்று போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். கலங்கல் தண்ணீர் அவள் பள்ளியின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. முற்றம் நிறைந்தது. கீழ்த்தள வகுப்பறைகளின் ஜன்னல் வரை ஏறியது. ஒரு பெஞ்சு மிதந்து வெளியே வந்தது. இருபத்தொரு வருடம் அவள் வேலை செய்த இடம்.

"ஸ்கூல் போச்சேக்கா" என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பறையாக, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து முடித்தாள்.

"போனா போகுதுடி" என்றாள். "உள்ள யாரும் இல்ல."